மங்களம் திரும்பிப் போனாளா?

1964 மார்ச் 12, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். பங்குனி பிறக்கும் முன்பே மலைப்பாறை எல்லாம் கொதிக்கிறது. சாயங்காலம் நூலகத்தை மூடும்போதுகூடச் சுவரில் கை வைக்க முடியவில்லை.

இன்று செய்தவை: கிழிந்த அட்டைகளுக்குப் பசை. நாற்காலி ஒன்றுக்குக் கால் ஆடுகிறது, ஆசாரிக்குச் சொல்ல வேண்டும். புகழ்மாறனின் புது நாவல் ‘ஏழாவது வாயில்’ வந்து சேர்ந்தது. நம் கோட்டையில் நடக்கும் சரித்திரக் கதை. கட்டுப் பிரிப்பதற்குள் நான்கு பேர் கை நீட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் நான் எடுத்துக்கொண்டேன். உத்தியோகத்துக்கு இந்த ஒரு சலுகைதான்.

மதியத் தபாலில் மெட்ராஸ் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம். இரண்டு முறை படித்தேன். இதுவரை நான் அனுப்பிய புத்தகக் குறிப்புகள் வாசகருக்குப் பிடித்திருக்கின்றனவாம். இனி நாவலாசிரியர்களை நேரில் பார்த்து, அவர்கள் புதுப் புத்தகத்தைப் பற்றிப் பேசி எழுத வேண்டுமாம். முதலில் புகழ்மாறன். ஞாயிறன்று செஞ்சிக்கே வருகிறார். கடைசி வரி: “அலுவலகத்தில் உதவியாசிரியர் இடம் ஒன்று காலி. பேட்டிகள் எப்படி வருகின்றன என்று பார்ப்போம்.”

நைனா வேர்க்கடலை மண்டியிலிருந்து வந்து, தலையிலிருந்த மல்லாட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார். “இன்னா எழுதியிருக்குது?” படித்துக் காட்டினேன். “மெட்ராஸா?” என்றார். அவ்வளவுதான். சாப்பிடும்போது மறுபடி, “மெட்ராஸா?”

அம்மா பாயசம் வைத்தாள்.

மார்ச் 13, வெள்ளி

நூலக விடுமுறை. நாவல் முழுவதும் படித்தாயிற்று. வேகம். சண்டைக் காட்சிகளில் மூச்சு வாங்குகிறது. அகழியில் எப்போதும் தண்ணீர், தண்ணீரில் முதலை. நம் ஊர் அகழியில் நான் பார்த்ததெல்லாம் எருமை.

கேள்விகள் எழுதினேன். எல்லாமே பள்ளிக்கூடப் பரீட்சைக் கேள்விபோல் இருக்கின்றன. கிழித்தேன். மறுபடி எழுதினேன். அதே மாதிரி.

மார்ச் 15, ஞாயிறு

நைனாவும் கூட வந்தார். தனியாக அனுப்ப மனமில்லை என்று சொல்லவில்லை. “கோட்டையைப் பாத்து ரொம்ப நாளாச்சு” என்றார். கோட்டை எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே தெரியும்.

பு.மா. காரில் வந்திறங்கினார். பட்டு ஜிப்பா, கறுப்புக் கண்ணாடி. கோட்டைக்குள் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்தோம். நான் கேள்வி கேட்க வாய் திறப்பதற்குள், தட்டச்சு செய்த தாளை நீட்டினார். கேள்விகளும் அதில், பதில்களும் அதில்! “வேலை சுலபமாப் போச்சு பாரும்மா.” முன்னோர் பெருமை, வீரம், தியாகம் என்று பதில்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். இதற்கு நான் எதற்கு, தபால்காரர் போதுமே.

நைனா வாழைப்பழச் சீப்பைக் குரங்கிடமிருந்து காப்பாற்றப் போய்விட்டார். நான் நோட்டை மூடிவிட்டேன். அப்போதுதான் பு.மா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ராஜகிரி மலையை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு உயரம்னு தெரியாதும்மா.”

“முன்னாடி வந்தப்போ மேல ஏறலையா சார்?”

“வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை.”

நான் திகைத்துப் போனது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சிரித்தார். “எழுதறதுக்கு முன்னாடி வர பயமா இருந்தது. மனசுல ஒரு கோட்டை கட்டி வெச்சிருந்தேன். நிஜத்தைப் பார்த்தா அது இடிஞ்சிடுமோன்னு.”

“இடிஞ்சிடுச்சா சார்?”

“இல்ல. அது பாட்டுக்கு நிக்குது. இது பாட்டுக்கு நிக்குது.” பிறகு மெல்ல, “ஆனா அகழியில தண்ணி இல்லையே” என்றார். “மழைக்காலத்துல கொஞ்சம் நிக்கும் சார்” என்றேன். அவருக்கு அதில் அத்தனை ஆறுதல்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தார். குரங்கைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். “எழுதும்மா. அந்தத் தாளைக் கிழிச்சிப் போட்டுடு.”

தெரிந்துகொண்டது: நோட்டை மூடிய பிறகுதான் மனிதர்கள் பேசுகிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

எழுதி அனுப்பினேன். நடுவில் மூன்று பேருக்குப் புத்தகம் மாற்றிக் கொடுத்தேன். ஒருவருக்குத் தப்பான புத்தகம்.

மார்ச் 26, வியாழன்

அச்சில்! ஒரு வரிகூட மாற்றவில்லை. பேருந்து நிலையக் கடையில் நைனா நாலு பிரதி வாங்கி, மூட்டை தூக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். பு.மா.விடமிருந்து ஒரு கார்டு: “பத்து வருஷத்தில் என்னைப் பற்றி வந்ததில் நான் படித்து முடித்த முதல் கட்டுரை.”

அடுத்தது நிலாமணி. நிஜமாகவா! ‘மங்களத்தின் வீடு’ இதே பத்திரிகையில் தொடராக வந்தபோது, வியாழக்கிழமை இந்த ஊரில் எத்தனை வீட்டில் உலை லேட்டாக ஏறியது என்று எனக்குத் தெரியும். இப்போது புத்தகமாகவும் வந்துவிட்டது. அவர் இந்தப் பக்கத்துக்காரர் என்பது ஆசிரியர் கடிதம் பார்த்துத்தான் தெரியும். நிஜப்பெயர் விக்டோரியா. மெட்ராஸில் டீச்சர். ஈஸ்டருக்கு வல்லம் தாண்டி அண்ணன் வீட்டுக்கு வருகிறார்.

நூலகத்தில் இன்று கேட்டது. நர்சம்மா: “அடிச்சித் துரத்தினவன்கிட்டயே திரும்பிப் போறாளே, அந்த மங்களத்துக்கு மானம் இல்ல?” கணக்குப் பிள்ளையின் மனைவி: “போகாம? ரோட்டுல நிப்பாளா? நல்ல முடிவு. நான் அழுதுட்டேன்.” பேச்சு சத்தமாகி, பேப்பர் படிக்கிறவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அம்மா கணக்குப் பிள்ளை வீட்டம்மா கட்சி. தொடர் முழுவதையும் கத்தரித்து, ஊசிநூலால் தைத்து வைத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் மேலே கண்ணாடித்தாள்.

மார்ச் 30, திங்கள்

அரை நாள் லீவு. தனியாகப் போனேன். நைனாவுக்கு மண்டியில் லாரி வருகிற நாள். பஸ்ஸில் கோழிக்கூடை பக்கத்தில் இடம்.

ஓட்டு வீடு, சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை. வாசலில் காய்ந்த குருத்தோலைச் சிலுவை. உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம். ஐம்பது வயதுக்குள் ஒரு அம்மா, கழுத்தில் அளவு நாடா. நிமிர்ந்து, “பத்மாதானே? நயினார் வீட்டுப் பொண்ணு, ஜைனருங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடணும், தெரியும். வெங்காயம் போடல” என்றார். பெயர் அந்தோணியம்மா. நிலாமணியின் அக்கா.

நி. பின்கட்டிலிருந்து வந்தார். கதர்ச் சேலை, மூக்குக் கண்ணாடி. என்னிடம் மேடைத் தமிழ். அக்காவிடம், “இன்னாக்கா, தண்ணி குடுத்தியா?” இந்தக் குரலிலா மங்களம் பிறந்தாள் என்று எனக்குச் சிரிப்பு.

வழக்கமானவை கேட்டேன். எப்போது எழுதுவீர்கள்? பள்ளிக்குப் போகும் முன். பெயர்கள் எங்கே கிடைக்கும்? வருகைப் பதிவேட்டில். புத்தகத்தில் பிடித்த இடம்? மங்களம் முதல்முறை வாய்விட்டுச் சிரிக்கும் அத்தியாயம்.

பிறகு கேட்டேன். “மங்களம் ஏன் திரும்பிப் போனா?”

மிஷின் நின்றது.

“கேளும்மா,” என்றார் அக்கா. “நல்லா கேளு. நானும் அதத்தான் கேக்கறேன்.”

நி. கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். “அவ போகல. நான் எழுதினதுல போகல” என்றார். அவர் எழுதிய கடைசி அத்தியாயத்தில் மங்களம் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, ஒரு தையல் கடை வாசலில் வேலை கேட்டு நிற்கிறாளாம். ஆசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். ‘இப்படி முடித்தால் நாளைக்கு எந்த வீட்டிலும் பத்திரிகையை உள்ளே விடமாட்டார்கள். அவளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.’ இவரும் மாற்றிக் கொடுத்துவிட்டார். புத்தகத்திலும் அதுவே.

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?” கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“சொல்லியிருக்கலாம். அடுத்த தொடருக்கும் அவர்தானே கூப்பிடணும்.”

அக்காதான் மீதியைச் சொன்னார். தையலைவிட்டுக் கை எடுக்காமலே சொன்னார். திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்த இடம். அடி. ஒருநாள் விடியலில் கட்டின சேலையோடு பஸ் ஏறி, அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். “சொந்தக்காரங்க, ஊர்ப் பெரியவங்க, வராத ஆள் இல்ல. எல்லாரும் நல்லவிதமாத்தான் பேசுனாங்க. போன்னாங்க. எங்கண்ணன் ஒண்ணுமே பேசல, செஞ்சிக்குப் போயி இந்த மிஷின வாங்கியாந்து இங்க வெச்சிட்டாரு. அதோட எல்லாரும் வாய மூடிட்டாங்க.” அந்த மிஷினில் தைத்துத்தான் தங்கையை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்திருக்கிறார்.

“இவ புத்தகம் கொண்டாந்து குடுத்தா. எழுத்துக்கூட்டி முழுசும் படிச்சேன். கடைசிப் பக்கம் முடிச்சிட்டுக் கேட்டேன்: இன்னாடி விக்டோரியா, கதையிலகூட என்னைத் திருப்பி அனுப்பிட்டியே?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

நோட்டு என் மடியில் திறந்தேதான் கிடந்தது. எதுவும் எழுதவில்லை. இதை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “எழுதுங்க” என்றார் நி. “அக்கா பேரும் ஊரும் வேணாம். மத்ததெல்லாம் எழுதுங்க. நானா எங்கயும் எழுத முடியல. யாராவது கேட்டாச் சொல்லிடணும்னு இருந்தேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

வெயில் இறங்குவதற்குள் சாதம், பருப்பு, முருங்கைக்காய். அக்கா கட்டாயப்படுத்தி அதிரசம் கட்டிக்கொடுத்தார். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. முடிவை மாற்றச் சொன்ன ஆசிரியரும் எனக்கு வேலை தருவதாகச் சொல்லும் ஆசிரியரும் ஒரே ஆள். அவர் பத்திரிகைக்கே, அவரைப் பற்றி, நான்.

மார்ச் 31, செவ்வாய்

எழுத ஓடவில்லை. மின்விசிறி இல்லை, கரண்ட் போய்விட்டது. தலைவலி என்று நினைத்துக்கொண்டேன். தலைவலி இல்லை.

இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். அந்தப் பகுதி இல்லாமல் ஒன்று: நன்றாகவே இருக்கிறது, சிரிப்புகூட வருகிறது. அந்தப் பகுதியோடு ஒன்று: முடித்ததும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நைனாவிடம் சொன்னேன். “எதுக்கு வம்பு? அந்த ஒரு இடத்த விட்டுடு. வேலைக்குப் போயி நிலைச்சப்பறம் எழுதிக்கோ.” அவர் மேல் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். கரண்டியோடு வந்தாள். “அவ பஸ் ஏறிப் போறதா எழுதுனாளா?”

“ஆமாம்மா.”

“எனக்குப் பிடிக்கல.” உள்ளே போனாள். திரும்பி வந்தாள். “பிடிக்கல, அது வேற. அந்தம்மா உன்ன நம்பிச் சொல்லியிருக்குது. சொன்னத சொன்னபடி எழுது. பாதியக் குடுத்தா அது என்னா பேட்டி?”

நைனா என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். அம்மா இப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

முழுதாகவே அனுப்பிவிட்டேன். தபால் பெட்டிக்குள் விரல்வரை விட்டுப் பார்த்தேன், திரும்ப எடுக்க முடியுமா என்று. முடியாது.

ஏப்ரல் 9, வியாழன்

பத்திரிகை வந்தது. பேட்டி இல்லை. கடிதமும் இல்லை. நர்சம்மா, “என்னம்மா, நிலாமணிய பாத்தியாமே, எப்ப வருது?” என்றார். “வரும்” என்றேன்.

பூனை ஒன்று பழைய பத்திரிகைக் கட்டில் குட்டி போட்டிருக்கிறது. விரட்ட மனமில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

வருஷப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி. நைனா புதுச்சேலை கொடுத்தார், “மெட்ராஸுக்குக் கட்டிக்க” என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டார். பாவமாக இருந்தது, அவரைப் பார்க்க. நூலக வேலையும் நல்ல வேலைதான். இதையும் இங்கே எழுதி வைக்கிறேன், பொய்யாக இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

வந்துவிட்டது. முழுவதும் வந்துவிட்டது!

கடையில் நின்றே படித்தேன். ‘கதையிலகூட என்னைத் திருப்பி அனுப்பிட்டியே’ என்ற வரி கட்டம் கட்டி, பெரிய எழுத்தில். கீழே ஆசிரியர் குறிப்பு. அதை அப்படியே படியெடுக்கவில்லை, சாரம் மட்டும்: முடிவை மாற்றச் சொன்னது நான்தான். பயந்தேன். எழுதியவர் எழுதிய அத்தியாயம் அடுத்த இதழில் வரும். வாசகர்கள் படித்துவிட்டு எழுதட்டும்.

கண்ணில் நீர். கடைக்காரர், “ஏம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்றார்.

நைனா இரண்டு முறை படித்துவிட்டுத் தொடையில் தட்டினார். “ஆளு பெரிய வியாபாரிடி! அடுத்த வாரம் பாரு, பத்திரிகை கிடைக்காது.” ஆசிரியர் நேர்மையாகச் சொன்னாரா, கெட்டிக்காரத்தனமாகச் சொன்னாரா என்று சாயங்காலம் முழுவதும் எங்களுக்குள் வாக்குவாதம். இரண்டும் இருக்கலாம். மங்களத்துக்கு என்ன, அவள் அத்தியாயம் வருகிறது.

ஏப்ரல் 20, திங்கள்

ஆசிரியர் கடிதம். “உங்களை அலுவலகத்தில் வைத்துக்கொண்டால் என் நிம்மதி போய்விடும் என்று தெரிகிறது. ஆனாலும் ஜூன் மாதம் வந்து சேருங்கள்.”

நைனா சத்தமாகப் படிக்கச் சொன்னார். பிறகு மெட்ராஸில் உறவினர் யார் யார் என்று கேட்டு அம்மாவைத் துளைத்துவிட்டார். தங்குமிடம், சாப்பாடு, மூக்குத்தி பத்திரம், எல்லாம் அவரே பேசி அவரே முடிவெடுத்தார்.

நிலாமணிக்கு எழுதினேன். நாலு வரி. அதற்குமேல் வரவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

நைனா சொன்னபடியே ஆயிற்று. பத்து மணிக்குள் கடையில் பிரதி தீர்ந்தது. நூலகப் பிரதிக்கு வரிசை.

அத்தியாயம் சின்னது. மங்களம் தையல் கடை வாசலில் நிற்கிறாள். உள்ளே இருக்கும் பெண், “ஊசியில நூல் கோப்பியா?” என்று கேட்கிறாள். மங்களம், “கோப்பேன்” என்கிறாள். அவ்வளவுதான் கதை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அம்மா மத்தியானம் தனியாக உட்கார்ந்து படித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கேட்டாள்: “விழுப்புரத்துல எந்தப் பக்கம் தங்குவா?”

“தெரியலம்மா.”

“ஸ்டேஷன் பக்கம் வேணாம். கோயில் தெருவுல எடம் பாக்கணும்.” மறுபடி அடுக்களைக்குப் போய்விட்டாள். இன்னும் பிடிக்கவில்லையாம்.

ஏப்ரல் 25, சனி

காற்றே இல்லை. நூலகத்தில் கூட்டம். பதினொரு மணி வாக்கில் வாசலில் அந்தோணியம்மா. கையில் நூல் கண்டுகள், கடைவீதிக்கு வந்தவர். நான் எழுந்து நிற்கப் போனேன். கண்ணாலேயே உட்காரச் சொல்லிவிட்டார். நானும் தெரியாதவள்போல் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய மேஜையில், பேப்பர் படிக்கும் ஆண்களுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தார். வரியின்மேல் விரல் வைத்து, உதடு அசைய. பக்கம் திருப்ப நேரம் எடுத்தது. நான் ஒரு புத்தகத்திலும் முத்திரை குத்தவில்லை.

எதிரே தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். எட்டிப் பார்த்து, “அந்தக் கதையா? படிச்சேன், படிச்சேன். நல்லாத்தான் எழுதுறாங்க. ஆனா இதெல்லாம் நடக்கிற காரியமாம்மா? புருஷன விட்டுட்டுப் போன பொம்பள எங்கயாவது உருப்பட்டிருக்காளா, சொல்லு பாப்பம்” என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பேச்சுக்குக் கேட்டார்.

அந்தோணியம்மா விரலை எடுக்காமல் அந்த வரியை முடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நீங்க போட்டிருக்கிற சட்டை எங்க தைச்சது?”

“இதுவா? வல்லத்துப் பக்கம் ஒரு அம்மா தைக்கிறாங்கன்னு எங்க வீட்டுல குடுத்தனுப்பிச்சாங்க. ஏன்?”

“காலர் நல்லா உக்காந்திருக்குது,” என்றார் அவர்.